மறு: கணக்கு ‘இடம்பெயர்வு’ – இரண்டு வேலைக்கு ஒரு சொல்லா?

குழுவினருக்கு வணக்கம்.

மாஸ்டடான், புளூஸ்கை போன்ற சமூக வலைத்தளங்களில் கணக்கை ஒரு வழங்கியிலிருந்து (server) இன்னொன்றுக்கு மாற்றும் வசதிக்கு (account migration) தமிழ்ப் பெயர் தேடி மூன்று நாட்களாக நீங்கள் சொற்களை அடுக்க, நான் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நேற்றிரவு வந்த மடல், ‘பெரும்பான்மை இடம்பெயர்வுக்குத்தான், அப்படியே வைத்துவிடலாம்’ என்று முடிந்திருந்தது. அதன்பிறகு சும்மா இருக்க முடியவில்லை. மட்டக்களப்பிலிருந்து ஓர் எதிர்ப்பு வாக்கு என்று குறித்துக்கொள்ளுங்கள். காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் 1930களில் சென்னையில் கலைச்சொல் ஆக்கும் பணிக்கு முன்னின்றவர் என்பதால் எங்கள் பக்கத்தவர்களுக்கு இந்த விடயத்தில் வாய் கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இடம்பெயர்வு என்ற கதிரையில் ஏற்கெனவே ஆள் உட்கார்ந்திருக்கிறது. 2006 இறுதியில் போரால் வாகரையை விட்டு வந்தவர்கள் நிரப்பிய படிவங்களில் இருந்த சொல் அது. 2004 கடற்கோளுக்குப் பிறகு நாவலடியிலிருந்து ஓடிவந்து பாடசாலைகளில் படுத்தவர்களுக்கும் அதே சொல்தான். நல்ல வீடு கிடைத்தது என்று மனமகிழ்ந்து போகிறவரை இங்கே யாரும் இடம்பெயர்ந்தார் என்று சொல்வதில்லை. ஒரு பொத்தானில் அந்தச் சொல்லைப் பார்த்தால் என் அயல்வீட்டுக்காரர் முதலில் கேட்பது ‘என்ன பிரச்சினை?’ என்றுதான்.

புலம்பெயர்வு என்றால் கனடாவும் சுவிற்சர்லாந்தும் கண்முன் வரும், விட்டுவிடுங்கள். குடியேற்றம் இன்னும் சிக்கல். அரசாங்கம் ஆட்களைக் கொண்டுவந்து குடியமர்த்திய கல்லோயாத் திட்டம் 1949இல் தொடங்கிய நாளிலிருந்து, அம்பாறையில் அந்தச் சொல்லை யார் சொல்கிறார் என்று பார்த்துத்தான் பொருள் கொள்கிறோம். ‘40ஆம் கொலனி’ என்று இலக்கத்தையே ஊர்ப்பெயராகக் கொண்ட இடங்கள் எங்களிடம் உண்டு. (இதே மடலாடலில் ஒருவர், வழங்கிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் அமைப்பைச் ‘சமஷ்டி’ (கூட்டாட்சி) என்று அழைக்கலாம் என்றிருந்தார். ஐயா, அந்தச் சொல்லால் இந்த நாட்டில் எழுபது வருடமாகச் சண்டை. மென்பொருளையாவது விட்டுவிடுவோம்.)

‘குடிமாற்றம்’ என்று எழுதிய தமிழக நண்பருக்குத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சொல் அழகானது, எளியது. ஆனால் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் குடி என்பது வீடு மட்டும் அல்ல. காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி என்ற ஊர்ப்பெயர்களில் அது வாழிடம். ஆனால் ‘நீ என்ன குடி?’ என்று பெரியவர் ஒருவர் கேட்டால், அவர் கேட்பது தாய்வழியை. உலகிப்போடி குடி, காலிங்கா குடி என்று பதில் வரும். தமிழருக்கும் உண்டு, முஸ்லிம்களுக்கும் உண்டு. குடி தாயிடமிருந்து பிள்ளைக்கு வரும்; ஒரே குடிக்குள் கலியாணம் இல்லை; கோயில் வண்ணக்கர் (நிர்வாகி) எந்தக் குடி என்பதற்கும் முறை உண்டு. வீடு பெண்ணுக்குச் சீதனமாகப் போவதால், கலியாணம் முடித்த ஆண் மனைவி வீட்டுக்குப் போய்விடுவார். வீடு மாறும், ஊர்கூட மாறும், சாகும்வரை குடி மாறாது. ஆகவே குடிமாற்றம் என்றால் எங்களுக்கு நடக்கவே முடியாத ஒன்று.

ஆனால் அந்தச் சொல்லோடு மல்லுக்கட்டியபோதுதான் எனக்கு ஒன்று பிடிபட்டது. நாம் ஒரே பெயர் தேடும் வேலை உண்மையில் இரண்டு வேலைகள்.

மாஸ்டடானில், 2019இல் வந்த 3.0 பதிப்பிலிருந்து இருக்கும் வசதியில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். முதலில் புதிய வழங்கியில் புதிய கணக்குத் திறக்க வேண்டும். ‘அந்தப் பழைய ஆளும் நானே’ என்று புதிய கணக்கு ஒப்புக்கொள்ள வேண்டும். பிறகு பழைய கணக்கிலிருந்து, ‘இனி அங்கே வாருங்கள்’ என்று பின்தொடர்வோரின் வழங்கிகளுக்கெல்லாம் செய்தி போகும். அவை புதிய கணக்கின் ஒப்புதலைச் சரிபார்த்த பின் பழையதைக் கைவிட்டுப் புதியதைத் தாமாகவே பின்தொடரத் தொடங்கும். அவ்வளவுதான். இடுகைகள் ஒன்றும் வராது. நாம் பின்தொடரும் ஆட்களின் பட்டியலைக் கோப்பாக இறக்கி, புதிய இடத்தில் நாமே ஏற்ற வேண்டும். பழைய கணக்கு ஓர் அறிவிப்புப் பலகையோடு உறைந்து நிற்கும். 30 நாட்களுக்கு இன்னொரு முறை மாறவும் முடியாது. பெயரின் பின்பாதியில் வழங்கியின் முகவரி இருப்பதால் பெயரும் வேறாகிவிடுகிறது. இதில் கணக்கு எங்கே பெயர்ந்தது? பெயர்ந்தவர்கள் பின்தொடர்வோர்.

புளூஸ்கையில் கதை வேறு. அங்கே ஒவ்வொரு கணக்குக்கும் மாறாத அடையாளம் ஒன்று இருக்கிறது. தரவுகள் தங்கியிருக்கும் வழங்கியை மாற்றினாலும் அந்த அடையாளம் அப்படியே இருக்கும். எழுதியவையும் படங்களும் கூடவே போகும். பின்தொடர்வோர் எதுவும் செய்ய வேண்டியதில்லை, பலருக்கு மாறியதே தெரியாது. மனைவி வீட்டுக்குப் பெட்டி படுக்கையோடு போன எங்கள் மாப்பிள்ளை இவர்தான்.

இது சொல்லழகுச் சண்டை இல்லை என்பதற்கு என் வீட்டிலேயே சான்று உண்டு. அக்கா ஓய்வுபெற்ற ஆசிரியை. வாவிக் கரையில் வந்திறங்கும் பறவைகளைப் படம்பிடித்து, ஊரில் வழங்கும் பெயர்களோடு நான்கு வருடம் மாஸ்டடானில் போட்டு வந்தார். சில இளைஞர்கள் தம் செலவில் நடத்திய சிறிய வழங்கி அது. அதை நிறுத்தப் போவதாக மூன்று மாதம் முன்பே சொன்னார்கள், அவர்கள்மேல் குறையில்லை. அக்கா எங்கேயோ கிடைத்த தமிழ் வழிகாட்டிக் குறிப்பைப் பார்த்து வேலையை முடித்தார். ‘உங்கள் கணக்கு முழுமையாக இடம்பெயரும்’ என்று அதில் இருந்தது. பின்தொடர்வோர் வந்து சேர்ந்ததைப் பார்த்து, மற்றவையும் மெல்ல மெல்ல வரும் என்று காத்திருந்தார். ‘தம்பி, கொக்குகளைக் காணவில்லையே’ என்று என்னிடம் சொன்னபோது வழங்கி நின்று இரண்டு வாரம் ஆகியிருந்தது. முன்பே கேட்டிருந்தால் இடுகைகளைத் தொகுப்பாக இறக்கிக் கணினியில் வைத்திருக்கலாம். புதிய கணக்கில் ஏற்ற முடியாது என்றாலும் கையில் இருந்திருக்கும். அந்தக் குறிப்பை எழுதியவர் பொய் சொல்லவில்லை. சொல்தான் சொன்னது.

எனவே மாஸ்டடான் வகைக்கு நான் முன்வைப்பது ‘மடைமாற்றம்’. உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் வாய்க்கால் வழியே ஒரு வயலுக்குப் பாய்கிறது. அந்த மடையை அடைத்து, அடுத்த வயலின் மடையைத் திறக்கிறோம். இனி வரும் தண்ணீர் புதிய வயலுக்கு. ஏற்கெனவே பாய்ந்தது பழைய வரம்புக்குள்ளேயே நிற்கும். புதிய பக்கத்தைத் திறக்காமல் பழையதை அடைத்தால் என்ன ஆகும் என்று வயல்காரருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ‘பெயர்த்து நடல்’ என்ற யோசனையும் வயலிலிருந்துதான் வந்தது, தெரியும். ஆனால் எங்கள் பக்கம் நெல்லைப் பெரும்பாலும் விதைத்துவிடுவோம். நாற்று என்றால் மிளகாயும் கத்தரியும்தான். அதோடு, வேரோடு பிடுங்கி நட்டால் செடி முழுதாக வந்துவிடுமே! மறுபடியும் அதே பிழை.

தமிழ் விக்கிப்பீடியாவில் ‘வழிமாற்று’ இருக்கிறதே என்று கேட்பீர்கள். அது பக்கத்துக்குப் பொருந்தும்: வருகிறவரை ஒவ்வொரு முறையும் வேறு வாசலுக்கு அனுப்புவது. மாஸ்டடானில் அந்த வெறும் வழிமாற்று தனி வசதியாகவே உண்டு. பின்தொடர்வோரைக் கொண்டுபோகாமல் பலகை மட்டும் தொங்கவிடலாம். இரண்டையும் ஒரே பெயரில் கட்டினால் பொத்தான் இரண்டும் ஒன்றாகிவிடும். மடை என்றால் எங்கள் அம்மன் கோயில்களில் படையல் என்றும் பொருள் உண்டு. அதை மறைக்க விரும்பவில்லை, ஆனால் யாரும் குழம்பமாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

புளூஸ்கை வகைக்கு ‘வீடுமாற்றம்’ போதும். மேலே அலங்காரம் வேண்டாம். அந்த மாறாத அடையாளத்துக்குக் ‘குடி’ என்று வைக்க எனக்கு உள்ளூர ஆசை. ஆனால் மதுரையிலும் கோவையிலும் அதை வேறு பொருளில் வாசித்துச் சிரிப்பார்கள். ‘நிலையடையாளம்’ என்று எழுதிவைத்திருக்கிறேன், பிடிவாதம் இல்லை.

நேற்று அக்காவிடம் விளக்கம் எதுவும் சொல்லாமல், ‘கணக்கை மடைமாற்று’ என்று ஒரு பொத்தான் இருந்தால் என்ன நினைப்பீர்கள் என்று மட்டும் கேட்டேன். சற்று யோசித்து, ‘அப்போது பழைய வயலில் நிற்கிற தண்ணீரை யார் இறைப்பது?’ என்றார்.

ஒரு சொல் மட்டும் பாக்கி. புதிய கணக்கில் ‘அந்தப் பழைய ஆளும் நானே’ என்று பதிகிறோமே, அதற்கு என்ன பெயர்? புனைபெயர் தவறு, மாற்றுப்பெயர் அரைகுறை. ‘முற்பெயர்’ எப்படி? வெள்ளிக்கிழமைக்குள் சொன்னால் மொழிபெயர்ப்புக் கோப்பில் சேர்த்துவிடுகிறேன்.