போடியில நல்லா இருக்கு, மெட்டு ஏறினா குடுகுடுங்குது: புளோ ஆஃப் வால்வு ஸ்க்ரூ எந்தப் பக்கம்?

மெட்டுக்காத்து:
வணக்கம்ணே. வண்டி 2006 ஆக்டேவியா ஆர்எஸ், 1.8 டர்போ பெட்ரோல், நான் மூணாவது ஓனர். கம்பெனி டைவர்ட்டர் வால்வுல (மிச்சக் காத்த வெளிய விடாம பைப்புக்குள்ளயே திருப்பி விடுறது) ரப்பர் டயாபிரம் கிழிஞ்சிருச்சுண்டு, அத கழட்டிட்டு வெளிய காத்து விடுற புளோ ஆஃப் வால்வு ஒண்ணு வாங்கி மாட்டினேன், தலையில அட்ஜஸ்ட் ஸ்க்ரூ உள்ளது. கடைக்காரர் நல்லா டைட் வைங்க தம்பி பூஸ்ட் (டர்போ அழுத்தம்) ஏறும்னாரு, வச்சுட்டேன். போடிக்குள்ள ஓட்டுனா கியர் மாத்தும்போது உஷ்ஷுண்டு அழகா விடுது. ஆனா மலையடிவாரத்து முந்தல் தாண்டி போடிமெட்டு ஏறி, இருக்குற 17 கொண்டை ஊசியில ஒரு பத்து முடிஞ்சதும், ஆக்சிலேட்டர்ல இருந்து கால லேசா எடுத்தாலே குடுகுடுகுடுண்டு கோழி கேறுற மாதிரி சத்தம். திருப்பி போடி இறங்கினா காணாம போயிருது. டர்போ போகப் போகுதா?

உஷ்_பார்ட்டி:
தம்பி அந்த சத்தத்துக்குத்தான் ஆளுக காசு குடுத்து வால்வையே அடைச்சு வைக்கிறாங்க, உனக்கு ஓசியில கெடச்சிருக்கு, அனுபவிய்யா.

ரெஞ்சு14:
அனுபவிக்கட்டும், பெறகு டர்போ ஷாஃப்ட கையில பிடிச்சு ஆட்டிப் பாத்துக்கிட்டே அனுபவிக்கட்டும். தம்பி, மொதல்ல ஒண்ணு. புளோ ஆஃப் வால்வு டைட் வச்சா பூஸ்ட் ஏறாது. பூஸ்ட்ட முடிவு பண்றது டர்போவ சுத்துற பொகைய வேற பக்கம் திருப்பி விடுற வேஸ்ட்கேட்டு கதவு, உன் வண்டியில அத ஆட்டி வைக்கிறது என்75ங்கிற கரண்டு வால்வு. இந்த வால்வு வேலையே வேற. நீ கால எடுத்ததும் திராட்டில் பட்டாம்பூச்சித் தகடு மூடிக்கிரும், டர்போ அழுத்தி அனுப்புன காத்துக்குப் போக எடம் இல்ல, முட்டித் திரும்பி வந்து கம்ப்ரஸர் சக்கரத்து வழியாவே பின்னால ஓடும், அதுதான் உனக்கு கேக்குற குடுகுடு. அந்தக் காத்துக்கு ஒரு கதவு தெறந்து விடுறதுதான் வால்வு. கதவு தெறக்கணும்னா இன்டேக் மேனிஃபோல்டுல (திராட்டிலத் தாண்டி இன்ஜினுக்கு காத்து போற கொழாய்) இருந்து வர்ற சின்ன ஹோஸ் வாக்குவம் இழுக்கணும், ஸ்ப்ரிங் விட்டுக் குடுக்கணும். நீ ஸ்ப்ரிங்க இறுக்கி வச்சிருக்க. கீழ வாக்குவம் ஜெயிக்குது, மேல ஸ்ப்ரிங் ஜெயிக்குது. அம்புட்டுத்தான்.

உஷ்_பார்ட்டி:
மேல போனா வாக்குவம் ஏண்ணே கொறையுது? டர்போ வண்டிக்கு உயரம் பிரச்சனையே இல்லையே, அதுக்குத்தான டர்போ. சும்மா அடிச்சு விடாதீங்க.

ரெஞ்சு14:
கால் கீழ இருக்கும்போது டர்போ ஈடு கட்டும். கால எடுத்த பெறகு எதக் கட்டும்? திராட்டில் மூடியிருக்கு, உள்ள இருக்குற அழுத்தத்துக்கும் வெளிக்காத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் வாக்குவம். மெட்டுல வெளிக்காத்தே மெலிசு, அப்ப வித்தியாசமும் கம்மி. ஆயிரம் அடி ஏறுனா வாக்குவம் ஒரு இன்ச் (பாதரசக் கணக்கு) கொறையும்ங்கிறது பழைய கார்புரேட்டர் மெக்கானிக்கு எல்லாருக்கும் தெரிஞ்ச கணக்கு. போடிக்கும் மெட்டுக்கும் மூவாயிரம் அடிக்கு மேல. தம்பி, வாக்குவம் கேஜ் இருக்கா?

டீசல்_மாமா:
என் பொலிரோவுலயும் டர்போ இருக்கு, ஏலக்காய் மூட்டை ஏத்திக்கிட்டு தெனம் பூப்பாறைக்கு ஏறி எறங்குறேன், உஷ்ஷும் இல்ல குடுகுடுவும் இல்ல. எனக்கு இந்த வால்வு எங்க மாட்டணும்?

ரெஞ்சு14:
மாமா, உங்க இன்ஜின் காத்த அடைச்சு ஓடுற இன்ஜின் இல்ல, டீசல அளந்து ஓடுற இன்ஜின். கால எடுத்தாலும் காத்து பாட்டுக்கு உள்ள போயிரும். ஒண்ணும் மாட்ட வேணாம். டீசலுக்குண்டு உஷ் சத்தம் போடுற பொட்டி விக்கிறானுக, அத வாங்கிறாதீக.

மெட்டுக்காத்து:
கேஜ் இருக்குண்ணே. ஐடில்ல போடி வீட்டு வாசல்ல 18 இன்ச், மேல செக்போஸ்ட் டீக்கடையில நின்னு பாத்தா 15க்கும் கீழ. நேத்து நீங்க சொன்னத வச்சு லாக் நட்ட தளத்தி, ஆலன் கீ போட்டு ஒரு முழு சுத்து வெளிய எடுத்தேன். மெட்டுல குடுகுடு போயே போச்சு. ஆனா இப்ப புதுத் தலைவலி, போடியில சிக்னல்ல நின்னா ஐடில் 700க்கும் 1100க்கும் ஊஞ்சல் ஆடுது.

ரெஞ்சு14:
இப்ப நான் சொல்ல நெனச்ச எடத்துக்கு நீயே வந்துட்ட. ஐடில் ஓடும்போது ஒரு டிஷ்யூ பேப்பர கிழிச்சு வால்வு வாய்ல காட்டு.

மெட்டுக்காத்து:
லபக்குண்டு இழுத்துக்கிருச்சுண்ணே.

ரெஞ்சு14:
ஐடில் வாக்குவமே வால்வ தெறந்து வச்சிருக்கு. அந்த வழியா உள்ள போற காத்த, ஏர் ஃபில்டர் பக்கம் காத்த அளக்குற மாஃப் சென்சார் அளக்கல, இசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்) குழம்புது. இறுக்குனா மெட்டுல குடுகுடு, தளத்துனா போடியில ஊஞ்சல். உன் வண்டி மாஃப் வண்டி, அதுல வெளிய விடுறதே தப்பு. கியர் மாத்தும்போது பின்னாடி வர்றவன கேட்டுப்பாரு, கருப்பா ஒரு பொகை போகும். அளந்த காத்த நீ வெளிய துப்புற, பெட்ரோல் மட்டும் கணக்குப்படி உள்ள போகுது.

உஷ்_பார்ட்டி:
ஊர்ல எத்தன பேரு வெளிய விட்டுத்தான் ஓட்டுறான், எவன் வண்டி நின்னுச்சு? காத்து அளவுக்குப் பதிலா மேனிஃபோல்டு அழுத்தத்த அளக்குற மேப் சென்சார் வண்டியில ஒண்ணுமே ஆகாது. அரை சுத்து உள்ள வச்சு நடுவுல நிப்பாட்டு தம்பி, ரெண்டு எடத்துலயும் ஓரளவு ஓடும். டர்போ போயிரும்ங்கிறதும் பெரிய பில்டப்பு, அந்தக் காலத்து சில டர்போ பெட்ரோல் காருக்கு இந்த வால்வே கெடையாது.

ரெஞ்சு14:
மேப் வண்டிக்கு நீ சொல்றது சரி. இது மேப் வண்டி இல்ல. டர்போ நாளைக்கே வெடிச்சிரும்ண்டு நானும் சொல்லல, கொஞ்சம் பூஸ்ட்டுல எப்பவாச்சும் கேட்டா ஒண்ணும் ஆகாது. இவன் வாரம் ரெண்டு தரம் 17 வளைவு ஏறுறான், ஒவ்வொரு வளைவுக்கும் நாலு தரம் கால எடுக்குறான். டர்போ ஷாஃப்ட முன்ன பின்ன நகராம தாங்குற த்ரஸ்ட் பேரிங்கு வெறும் உலோகந்தான், சாமி இல்ல. அந்த ஓரளவுங்கிற பேச்சே எனக்கு ஆகாது.

தம்பி, வால்வுல இருந்து வர்ற காத்த மாஃபுக்கும் டர்போவுக்கும் நடுவுல இருக்குற பைப்புக்கே திருப்பி விட்டுரு. பெறகு ஐடில்ல கொஞ்சம் தெறந்தா என்ன? அளந்த காத்து அதே பைப்புக்குள்ளதான் சுத்தும். ஸ்ப்ரிங்க மெட்டுக்கு ஏத்த மாதிரி தளத்தியே வச்சுக்கலாம்.

பூப்பாறை_ஆளு:
எங்க பக்கம் வரும்போது கொஞ்சம் பாத்து வாங்க. கேரளா எம்விடி (மோட்டார் வாகனத் துறை) உஷ் சத்தம் கேட்டா பானட்ட தெறக்கச் சொல்லுவாங்க. கம்பெனி ஸ்பெக்க மாத்தக்கூடாதுண்டு 2019ல சுப்ரீம் கோர்ட் சொன்னதே கேரளா ஆர்டிஓ கேஸ்லதான். சட்டத்துல ஒரு மாத்தத்துக்கு 5000 ரூபா போட்டிருக்கு.

உஷ்_பார்ட்டி:
அதெல்லாம் சைலன்சருக்கும் பெரிய டயருக்கும்.

பூப்பாறை_ஆளு:
போன மாசம் என் மச்சான்கிட்டயும் இப்படித்தான் ஒருத்தன் சொன்னான்.

மெட்டுக்காத்து:
இந்த வால்வுல திருப்பி விடுற வாயே இல்லண்ணே, சுத்தி ஓட்டை ஓட்டையா இருக்கு. அதனால 25 மில்லி வாய் வச்ச கம்பெனி டைப் டைவர்ட்டர் வால்வே ஒண்ணு வரவழைச்சு மாட்டிட்டேன், ஸ்க்ரூவே கெடையாது அதுல. வாக்குவம் ஹோஸையும் மாத்துனேன், பழசு மூணு வழி டீ ஜாயிண்ட்டு போட்ட எடத்துல விரல் வச்சா பொடியா உதிருது, அதுவும் பாதி கழுத்தறுத்திருக்கும் போல. ஞாயித்துக்கெழம மூணாறு வரைக்கும் போய்ட்டு வந்தேன். குடுகுடு இல்ல, ஊஞ்சல் இல்ல. உஷ்ஷும் இல்ல, அதுதான் கொஞ்சம் வெறிச்சுண்டு இருக்கு.

உஷ்_பார்ட்டி:
சொன்னேன்ல. அந்தப் பழைய வால்வ என்ன பண்ணப் போற, சும்மா கெடக்குறதுக்கு எனக்குக் குடு, வெலை சொல்லு.

மெட்டுக்காத்து:
ஆலன் கீ போடுற எடம் பாதி தேய்ஞ்சிருச்சுண்ணே, பரவால்லையா?