15 வருஷம் நின்ற ஆர்எக்ஸ் 100: பிளாக் வேலை போதுமா, இன்ஜினைப் பிரிக்கணுமா?

கிக்கர்95:
1995 மாடல் யமஹா ஆர்எக்ஸ் 100, ரெண்டு ஸ்ட்ரோக் பைக். கொட்டகையில் 15 வருஷமாக நிற்கிறது. நியூட்ரலில்கூட கிக்கர் இறங்கவில்லை. வேலையை வீட்டிலேயே செய்ய எண்ணம். ஒரு மெக்கானிக் பிளாக்கை (சிலிண்டரை) மட்டும் கழற்றி போர் போட்டால், அதாவது உள்சுவரைக் கடைந்து பெரிய பிஸ்டன் போட்டால் போதும் என்கிறார். இன்னொருவர் அடியில் சுற்றும் கிராங்க் ஷாஃப்ட் வரை பிரிக்காமல் ஸ்டார்ட் பண்ணாதே என்கிறார். இன்ஜினுக்கு எண்ணெய் ஊட்டும் ஆயில் பம்ப்பைக் கழற்றிவிட்டு, பெட்ரோலிலேயே எண்ணெய் கலந்து ஊற்றச் சொல்வதில் மட்டும் ரெண்டு பேரும் ஒற்றுமை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

லேத்துமேடு:
பிரித்தே ஆக வேண்டும். நாலு ஸ்ட்ரோக்கில் கிராங்குக்குத் தனியாக எண்ணெய் போகும். இதில் பிக் எண்ட் ரோலருக்கு (கனெக்டிங் ராடின் அடிமுனை பேரிங்குக்கு) கிடைப்பது பெட்ரோலோடு வரும் எண்ணெய் மூட்டம் மட்டும்தான். வண்டி நின்றால் அது வழிந்து கேஸ் (கிராங்க் இருக்கும் இன்ஜின் கூடு) அடியில் தங்கிவிடும். அப்புறம் ஈரம் சேரும். ரோலர் எந்தக் கோட்டில் ரேஸைத் தொட்டு நின்றதோ, அதே கோட்டில் துரு அரித்துக் குழி விழும். கையால் சுற்றினால் வழுக்கிக்கொண்டு போகும், ஒன்றும் தெரியாது. 6000 ஆர்பிஎம்மில் அந்தக் குழி பெயர ஆரம்பித்தால் துகள் நேராக டிரான்ஸ்ஃபர் போர்ட் வழியாக உங்கள் புது பிஸ்டனுக்குத்தான் வரும்.

ஆயில் சீல் கதை தனி. ரப்பர் காய்ந்து கல்லாகியிருக்கும். மேக்னட் பக்க சீல் போனால் காற்றை உறிஞ்சி கலவை லீன் ஆகும் (பெட்ரோல் குறையும்), பிஸ்டன் சூடேறிப் பிடிக்கும். கிளட்ச் பக்க சீல் போனால் கியர் ஆயிலை இழுத்து வெள்ளைப் புகை கக்கும். போர் போட்டு ஒரு மாதத்தில் திரும்ப சீஸ் ஆகும் (பிஸ்டன் பிடிக்கும்) வண்டிகள் பலவற்றில் மேக்னட் பக்கத்து இந்த இடது சீல்தான் காரணம். பழி போர் போட்டவன் மேல் விழும்.

சேலம்_ரெண்டுஸ்ட்ரோக்:
பிரி பிரி என்று எழுதுவது சுலபம் அண்ணே. வீட்டில் கேஸைப் பிரிக்கும் புல்லர் யாரிடம் இருக்கு? ஸ்க்ரூடிரைவரை இணைப்பில் விட்டு நெம்புவார்கள், அலுமினிய முகம் கீறும், அதற்கப்புறம் எந்த பாண்ட் பசையும் காற்றை நிறுத்தாது. கேஸ் விரிசல் விட்டால் அதைவிட மோசம். இன்ஜின் நம்பர் அந்தக் கேஸில்தான் இருக்கு. வேறு கேஸ் மாட்டினால் ஆர்சியோடு பொருந்தாது, ரினியூவலுக்கு ஆர்டிஓ ஆபீஸில் போய் நிற்க முடியாது.

கிக்கர்95, முதலில் பிடித்த பிஸ்டனை விடுவியுங்கள். பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டையில் டீசலும் ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்) ஆயிலும் பாதிக்குப் பாதி ஊற்றி ரெண்டு மூன்று நாள் விடுங்கள். கிக்கரை மிதிக்காதீர்கள், பல் போகும். மேக்னட் நட்டில் ஸ்பேனர் போட்டு நூலளவு முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஹெட்டைக் கழற்றி பிஸ்டன் தலையில் சுத்தியல் போடும் வைத்தியம் வேண்டவே வேண்டாம், கனெக்டிங் ராடு வளையும்.

பிளாக் வெளியே வந்ததும் ராடைப் பிடித்து மேலும் கீழுமாக இழுத்துப் பாருங்கள். அந்த ஆட்டம் துளியும் இருக்கக்கூடாது. மேல் முனை பக்கவாட்டில் ஆடுவது வேறு விஷயம், 2 மிமீ வரை பரவாயில்லை. இது தேறினால் எதற்கு இன்ஜினை அறுக்கணும்?

லேத்துமேடு:
நீங்கள் சொன்னது தேய்மானத்துக்கான பரிசோதனை. நான் சொல்வது துரு. கிலோமீட்டர் குறைவாக ஓடி நின்ற வண்டியில் ஆட்டம் சுழியமாக இருக்கும், குழியும் இருக்கும்.

புல்லர் இல்லையென்றால் பட்டறையில் கொடுத்துப் பிரிக்கலாமே. கேஸை 100 டிகிரிக்குச் சூடாக்கினால், தண்ணீர்த் துளி பட்டதும் சீறும் அளவு, பேரிங் தானாகவே இறங்கும்; சுத்தியலுக்கு வேலையே இல்லை. மெயின் பேரிங் சி3 என்று போட்டதாகக் கேட்டு வாங்குங்கள். சாதாரண கிளியரன்ஸ் பேரிங் சூட்டில் இறுகும். ராடு கிட் போட்ட கிராங்கை சென்டரில் வைத்து டயல் கேஜில் காட்டச் சொல்லுங்கள், சுற்றும்போது கோணல் ஓட்டம் 0.03 மிமீக்குள் வர வேண்டும். கண்ணால் பார்த்து “நேரா இருக்கு தம்பி” என்று தருபவரிடம் வாங்காதீர்கள்.

நீலப்புகை:
ரெண்டு பேரும் ஊகத்தில் சண்டை போடுகிறீர்கள். இன்ஜினுக்குள் காற்றடித்துக் கசிவு பார்க்கும் லீக் டெஸ்ட் செய்தால் சீல் விஷயமாவது தெளிவாகும். வீட்டில் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி இருந்தால் போதும், அந்த பல்பும் டயலும்தான் வேண்டும். பிளாக், ஹெட், பிளக் மாட்டி, எக்ஸாஸ்ட் போர்ட்டை ரப்பர் வைத்த தகட்டால் மூடுங்கள். கார்புரேட்டரைக் கழற்றி அது மாட்டியிருந்த மேனிஃபோல்டில் ரப்பர் கார்க்கு அடைத்து, அதில் ஓட்டை போட்டுக் குழாயைச் செருகுங்கள். ஆயில் பம்ப்பிலிருந்து வரும் மெல்லிய குழாயின் வழியையும் மூட மறக்காதீர்கள், நிறைய பேர் இதை விட்டுவிட்டு சீலைத் திட்டுகிறார்கள். டயலில் 280 மிமீ பாதரசம் வரை ஏற்றுங்கள், அது ஐந்தரை பிஎஸ்ஐக்கு அருகில். நிமிஷத்துக்கு 50க்கு மேல் இறங்கினால் கசிவு. சோப்புத் தண்ணீர் தடவினால் இடம் தெரியும். ரிங் கசிவு இதில் கணக்கில்லை, மேலே ஹெட் மூடியிருக்கிறதே. அதனால் போர் போடுவதற்கு முன்பே பழைய பிஸ்டனோடு செய்யலாம்.

ஆயில் பம்ப்பை ஏன் எடுக்கணும்? அது இன்ஜின் வேகத்துக்கும் திராட்டிலுக்கும் ஏற்ப ஊற்றுகிறது. மலை இறக்கத்தில் திராட்டிலை மூடி கியரில் இறங்கும்போது, பெட்ரோலில் எண்ணெய் கலந்து ஊற்றிய வண்டிக்கு பெட்ரோலே குறைவு, எண்ணெயும் குறைவு. ஏற்காட்டிலிருந்து இறங்குபவருக்கு நான் சொல்லவா வேண்டும்?

சேலம்_ரெண்டுஸ்ட்ரோக்:
ஏற்காட்டை இழுத்தது எனக்கு என்று புரிகிறது 😀 இறக்கத்தில் அப்பப்போ திராட்டிலை ஒரு திருகு திருகினால் எண்ணெய் போகும். 30 வருஷப் பழைய பம்ப் நின்றால் உங்களுக்கு யார் சொல்வார்கள்? டேங்கில் எண்ணெய் இருக்கும், இன்ஜினுக்குப் போகாது, பிடித்த பிறகுதான் தெரியும். லிட்டருக்கு 30 மிலி கலந்தால் கண்ணுக்குத் தெரிந்த கணக்கு.

நீலப்புகை:
பம்ப் சாவதைவிட, கழற்றி மாட்டிய பிறகு குழாயில் காற்று நிற்பதுதான் வழக்கமான கோளாறு. ப்ளீட் ஸ்க்ரூவைத் திறந்து குமிழி இல்லாமல் எண்ணெய் வரும் வரை விடணும். கேபிளை பம்ப் சக்கரத்தின் குறிக்கு நேராக வைக்கணும். முதல் டேங்குக்கு மட்டும் பம்ப்போடு சேர்த்து லிட்டருக்கு 20 மிலி கலந்து ஊற்றுங்கள். ஆயில் டேங்கில் ஒரு கோடு போட்டு மட்டம் இறங்குகிறதா பாருங்கள். இறங்கினால் பம்ப் வேலை செய்கிறது. அவ்வளவுதான்.

லேத்துமேடு:
பம்ப் விஷயத்தில் நீலப்புகை பக்கம். லீக் டெஸ்ட் விஷயத்தில் ஒரு குறை இருக்கிறது. சீலின் உதடு கிராங்க் கேஸைப் பார்த்து நிற்கும். உள்ளிருந்து அழுத்தம் கொடுத்தால் அது ஷாஃப்ட்டோடு இறுகும், தேறிவிடும். ஓடும்போது பிஸ்டன் மேலே போனால் இழுப்பு, அப்போதுதான் உதடு விலகும். அதனால் இழுத்தும் பார்க்க வேண்டும். அதுவும் குளிர்ந்த இன்ஜினில் தேறிய காய்ந்த சீல் சூட்டில் கைவிடும். இந்த வயதில் சீலை டெஸ்ட் செய்வதே வீண், மாற்றுங்கள்.

போர் விஷயம்: பிஸ்டனை முதலில் வாங்குங்கள், அதைக் கையில் கொடுத்துத்தான் பிளாக்கைத் தரணும். 50 மிமீ போர், ஓவர்சைஸ் 0.25 மிமீ படியாகப் போகும். பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடைவெளி பட்டறை பாஷையில் ஒன்றரை தவ் (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்றரை பங்கு), 0.04 மிமீ, பிஸ்டன் பெட்டியில் வேறு அளவு போட்டிருந்தால் அதுதான் சட்டம். போர்ட் விளிம்புகளை லேசாகச் சரித்துத் தரச் சொல்லுங்கள். போர் போட்ட விளிம்பு கத்திபோல இருக்கும், ரிங் மாட்டி உடையும். ரிங் வாய் (ரிங் முனைகளுக்கு இடையிலான இடைவெளி) 0.15 முதல் 0.35 மிமீ, பள்ளத்தில் உள்ள பின்னுக்கு நேராக உட்கார வேண்டும். பிஸ்டன் தலையின் அம்பு எக்ஸாஸ்டைப் பார்க்கணும்.

நீலப்புகை:
பெட்ரோலைப் பற்றி யாரும் பேசவில்லை. இப்போது பங்கில் வருவது 20 சதவீத எத்தனால். சுத்த பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்றால் இதற்கு 13.5 அளவுதான். கார்புரேட்டரில் பெட்ரோல் அளவை முடிவுசெய்யும் பழைய மெயின் ஜெட்டோடு ஓட்டினால் இன்ஜின் லீனாகவே ஓடும், சீல் நன்றாக இருந்தாலும். ஜெட்டை ஒன்றிரண்டு அளவு ஏற்றி, முழு திராட்டிலில் ஓட்டி சட்டென்று அணைத்துப் பிளக்கைப் பாருங்கள். காப்பிப் பழுப்பு சரி, வெள்ளை என்றால் இன்னும் ஏற்றுங்கள். பெட்ரோல் குழாயையும் கார்புரேட்டர் ரப்பர்களையும் புதிதாகப் போடுங்கள். வண்டியை நிறுத்தி வைக்கும்போது கார்புரேட்டரை வடித்துவிடுங்கள், எத்தனால் ஈரத்தை இழுக்கும்.

கிக்கர்95:
பிஸ்டன் விட்டது, பிளாக்கும் வந்துவிட்டது. ராடு மேல்-கீழ் ஆட்டம் இல்லை, பக்கவாட்டில் 1 மிமீ அளவு. பழைய பிஸ்டனோடு திரும்ப மாட்டி 280க்கு ஏற்றினால் ஒரே நிமிஷத்தில் 200க்கு இறங்குகிறது. மேக்னட் பக்கம் குமிழி.

சேலம்_ரெண்டுஸ்ட்ரோக்:
பார்த்தீர்களா, ராடு நல்லாத்தான் இருக்கு. மேக்னட்டை புல்லர் போட்டு எடுங்கள், அதன் பின்னால் உள்ள பேஸ் பிளேட்டைக் கழற்றும் முன் கோடு போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் டைமிங் போகும். சீல் வெளியிலிருந்தே வந்தால் மாற்றி மறுபடி டெஸ்ட். கேஸ் விளிம்பு பிடித்தால் நெம்பாதீர்கள், அப்போது பிரிக்கத்தான் வேண்டும்.

லேத்துமேடு:
இடது சீலுக்கு வயசானால் வலதுக்கும் அதே வயசுதான். பிளாக் பட்டறையில் இருக்கும் நேரத்தில் கிராங்கையும் கொடுத்துவிடுங்கள். பின்னால் திரும்பக் கழற்றினால் கேஸ்கெட்டும் கூலியும் ரெண்டாவது தடவை.

சேலம்_ரெண்டுஸ்ட்ரோக்:
அவர் கேட்டது வீட்டில் செய்வதற்கு. முதலில் இடது சீல், பிறகு டெஸ்ட். அழுத்தம் இறங்கவில்லை என்றால் ஸ்டார்ட் பண்ணி, ஸ்க்ரூடிரைவரைக் கேஸில் வைத்துக் காதில் கேட்கட்டும். கரகரவென்று வந்தால் உடனே அணைத்துவிட்டு அண்ணன் சொன்ன பட்டறைக்குப் போகட்டும்.