ஸ்டீல் என்பதற்குச் ‘சாற்றுத்தூண்’ சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம். தாவரத்தின் வேரிலும் தண்டிலும் நீர், உணவு கடத்தும் கற்றைகளைக் கொண்ட நடுப்பகுதிக்கு ஆங்கிலத்தில் ஸ்டீல் (stele) என்று பெயர். அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற பேச்சில் ஒருவர் கேட்டது இது:

> ‘மைய உருளை’ போதுமே, புதுச்சொல் எதற்கு?

போதாது என்றே எனக்குப் படுகிறது. காரணம், ‘ஸ்டீல்’ என்ற சொல்லை உண்டாக்கியவரிடமே இருக்கிறது.

அவர் பிரெஞ்சுத் தாவரவியலாளர் பிலிப் வான் தீகெம் (1839–1914); பாஸ்டரிடம் படித்தவர், பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பேராசிரியர். அதுவரை தண்டை வெட்டிப் பார்த்தவர்கள் நீர் கடத்தும் சைலமும் உணவு கடத்தும் புளோயமும் சேர்ந்த ஒவ்வொரு கற்றையையும் தனி அலகாக எண்ணினார்கள். கற்றைகள், இடைப்பட்ட திசு, நடுவிலுள்ள மென்திசுவான பித் எல்லாம் சேர்ந்து ஒன்றுதான், வேரிலும் தண்டிலும் தொடர்வது அதுதான் என்று அவரும் உடன் ஆய்ந்த டூலியோவும் 1886இல் எழுதினார்கள். நிறுத்திவைத்த கல்லைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை அதற்குப் பெயராக்கினார்கள்.

மக்காச்சோளத்தை ஈரத்துணியில் முளைக்கவிட்டு, வேரை நகத்தால் சுற்றிக் கீறி மெதுவாக இழுத்துப் பாருங்கள். புறணி என்ற வெளித்திசு உறைபோலக் கழன்று வரும். நடுவில் மெல்லிய வெள்ளை இழை ஒன்று அறுபடாமல் நிற்கும். வான் தீகெம் சொன்னது அந்த இழையைத்தான்.

‘மைய உருளை’ என்பதற்கு நேரான பிரெஞ்சுச் சொல் அவரிடம் முன்பே இருந்தது. ஆனால் செலாஜினெல்லா என்ற பூக்காத தாவரத்தின் இனங்கள் சிலவற்றில் ஒரே தண்டுக்குள் இரண்டு மூன்று ஸ்டீல்கள் ஓடுகின்றன. மையம் எப்படி மூன்றாகும்? தூண் மூன்றாகலாம்.

இந்தப் பேச்சில் ‘நடுகல்’லை முன்வைத்தவரின் ஆசை புரிகிறது, கிரேக்கச் சொல்லுக்கு அவ்வளவு நெருக்கம். ஆனால் அது வீரனுக்கு நட்ட கல். அந்தப் பொருளிலேயே இருக்கட்டும்.

தனியாக வரும்போது ‘சாற்றுத்தூண்’, கூட்டுச்சொல்லில் வெறும் ‘தூண்’ என்று வைத்துக்கொள்ளலாம். பித்தைச் சுற்றிக் குழல்போல் அமைந்த சைபனோஸ்டீல் குழல்தூண், அது வலைபோல் பிளந்த டிக்டியோஸ்டீல் வலைத்தூண். பித் சாறு கடத்தாதே என்று கேட்பீர்கள். சரி, சாறு போகும் வழி தூணுக்குள் இருந்தால் போதாதா? ‘ஸ்டீல்’ என்றே அச்சிட்டால் படிக்கும் பிள்ளைக்கு டம்ளர்தான் நினைவுக்கு வரும். ஒரு பாடம் முழுக்க அந்தக் குழப்பத்தோடு அது உட்கார்ந்திருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கற்றைகள் சிதறிய வகையான அடாக்டோஸ்டீலில்தான் திணறுகிறேன். வேரில் ஒரே இழையாக நிற்கும் அதே மக்காச்சோளம், தண்டுக்கு வந்ததும் கற்றைகளை அங்கங்கே இறைத்துவிடுகிறது. ‘சிதறுதூண்’ என்று எழுதிப் பார்த்தேன், மனசு ஒப்பவில்லை. உங்களுக்கு வேறு ஏதாவது தோன்றுகிறதா?