80 சதவீதத்தில் வரும் அந்தப் பிரிவு: இதை ஒழுங்காக எழுதியவர் யார்?

பாதிப்பக்கம்:

கிண்டிலில் கீழே ஓரமாக ஒரு சதவீதம் காட்டும் இல்லையா, அதைப் பார்க்காமல் படிக்க எனக்கு வராது. கடந்த சில மாதங்களாக ஆங்கிலக் காதல் நாவல்களாகவே படித்துத் தள்ளினேன். 14 எடுத்தேன், 9 முடித்தேன். விட்டுவிட்ட ஐந்தையும் எங்கே விட்டேன் என்று ஒருநாள் திறந்து பார்த்தால் 78, 81, 76, 80, 79. எல்லாம் ஒரே இடம், காதலர்கள் பிரியும் இடம்.

அதுவரை ஒருவர் முகம் வாடினால் மற்றவர் கண்டுபிடித்துவிடுவார். அந்த இடம் வந்ததும் இருவருக்கும் பேச்சே மறந்துபோகும். அவள் யாரிடமோ போனில் பேசியதில் பாதியை மட்டும் அவன் கேட்பான், பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவான். ‘இரு, என்ன விஷயம்?’ என்று கேட்டால் கதை அங்கேயே முடிந்துவிடும், அதனால் கேட்க மாட்டான். அடுத்த நாற்பது பக்கம் ஆளுக்கொரு மூலையில் அழுகை. அப்புறம் விமான நிலையத்தில் ஓட்டம்.

பிடித்ததையும் பிடிக்காததையும் சொல்லிவிடுகிறேன், என் ருசி உங்களுக்குப் புரியும்.

எமிலி ஹென்றியின் ‘புக் லவர்ஸ்’ (2022) நல்ல அனுபவம். வழக்கமான கதைகளில் நகரத்து ஆள் ஒருவன் சின்ன ஊருக்குப் போவான், அங்கே ஒரு வெகுளிப் பெண்ணிடம் மனதைக் கொடுப்பான், நகரத்தில் விட்டுவந்த காதலியைப் போனிலேயே கழற்றிவிடுவான். அந்தக் கதைகளில் கழற்றிவிடப்படும் பெண்ணுக்கு இரண்டு வரிதான் கிடைக்கும். இங்கே நோரா அந்தப் பெண். இலக்கிய முகவர், வேலையில் கறார். சார்லி பதிப்பாசிரியர், அவனும் அதே ரகம். குறுக்கே நிற்பது அவள் தங்கையும் அவன் பெற்றோரும். ஒட்டுக்கேட்ட போன் பேச்சு எதுவும் இல்லை. படித்து முடித்து நிம்மதியாகத் தூங்கினேன்.

அலி ஹேசல்வுட்டின் ‘தி லவ் ஹைபோதசிஸ்’ (2021) விஷயத்தில் மனசு இன்னும் ஊசலாடுகிறது. முனைவர் பட்ட மாணவி ஆலிவ், தோழியை நம்பவைக்க எதிரில் வந்த முதல் ஆளை முத்தமிடுகிறாள். பார்த்தால் அவர் மாணவர்கள் எல்லோரும் நடுங்கும் பேராசிரியர் ஆடம். பிறகு காதலர்களாக நடிப்பது. ஆய்வக நிதி, மாநாட்டு மேடைப் பயம் எல்லாம் உள்ளே இருந்தவர் எழுதியது என்று தெரிகிறது. ஹேசல்வுட் நரம்பியலில் முனைவர் பட்டம் பெற்றவர். ஆனால் தனக்கு வேறு யாரையோ பிடித்திருப்பதாக ஆலிவ் சொல்லும் ஒரு பொய் ஜவ்வாக இழுபடுகிறது. கிண்டிலைப் பிடித்து உலுக்கலாமா என்று வந்தது.

இந்தக் குவியலில் என்னை அசைத்தது பெத் ஓ’லியரியின் ‘தி ஃபிளாட்ஷேர்’ (2019). ‘ஒரே கட்டில்’ என்று ஒரு சூத்திரம் இருக்கிறதே, மழையில் மாட்டிக்கொண்டு, விடுதியில் ஒரே அறை கிடைத்து, அதை இவர் தலைகீழாகத் திருப்பியிருக்கிறார். லியோனுக்கு இரவுப்பணி, உயிர் பிரியும் நிலையில் உள்ளவர்களைக் கவனிக்கும் செவிலியர். டிஃபி பகலில் பதிப்பகத்தில். ஒரே வீடு, ஒரே கட்டில், நேரம் மட்டும் வேறு. பல மாதம் ஒருவரையொருவர் பார்க்காமலே ஒட்டுத்தாள்களில் எழுதி எழுதிப் பழகுகிறார்கள். மிச்சச் சாப்பாடு யாருக்கு என்பதில் தொடங்கி, சிறையில் இருக்கும் தம்பிவரை பேச்சு போகிறது.

லியோன் சொல்லும் அத்தியாயங்களில் ‘நான்’ என்ற சொல் பெரும்பாலும் விழுந்துவிடும். ‘வீட்டுக்கு வந்தேன். களைப்பு. குறிப்பு பார்த்தேன்’ என்கிற மாதிரி நடை. ஆங்கிலத்தில் அது விசித்திரமாகக் கேட்கிறது. நமக்கோ தினப்படிப் பேச்சே அப்படித்தான். அதனாலேயோ என்னவோ, அவன் எனக்குச் சட்டென்று பழகிய ஆள் ஆகிவிட்டான்.

ரெபெக்கா யாரோஸின் ‘ஃபோர்த் விங்’ (2023) டிராகன்களுக்காகப் படித்தேன். டிராகன்கள் பேசுவது, காதலர்கள் பேசுவதைவிட நன்றாக இருந்தது. அவ்வளவுதான்.

பிரிவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்த இரண்டு பேருக்குத்தான் அது வர முடியும் என்று இருக்க வேண்டும். இவர்களைத் தூக்கிவிட்டு வேறு இருவரை வைத்தாலும் நடக்கும் என்றால் எனக்கு ஆர்வம் போய்விடுகிறது. அப்படி எழுதியவர் யார்? எந்த வகையாக இருந்தாலும் சரி.

கோட்டைமதில்:

சரித்திரப் பக்கம் வாருங்கள். உங்கள் நோய்க்கு மருந்து அங்கே இருக்கிறது. அந்தக் காலத்து இங்கிலாந்தில் இருவருக்கும் நடுவே சட்டமே நிற்கும், ஆசிரியர் போன் பேச்சைத் தேடி அலைய வேண்டியதில்லை.

ரீஜென்சி கதைகளில், அதாவது பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொடக்கத்து இங்கிலாந்தில் நடக்கும் காதல் கதைகளில், ஓடிப்போகும் ஜோடி ஏன் எப்போதும் கிரெட்னா கிரீனுக்கே போகிறது என்று யோசித்ததுண்டா? 1753 திருமணச் சட்டப்படி இங்கிலாந்தில் 21 வயது நிரம்பாதவர்கள் லைசென்ஸ் வாங்கி மணக்கப் பெற்றோர் சம்மதம் வேண்டும். ஸ்காட்லாந்துக்கு அந்தச் சட்டம் கிடையாது. எல்லையைத் தாண்டியதும் வரும் ஊர் கிரெட்னா கிரீன். நம் அகப்பாடலில் உடன்போக்கு பாலை வழியே போகும், இவர்களுடையது குதிரை வண்டியில் வடக்கே போகிறது. பின்னால் தமையன் துரத்தி வருவது இரண்டிலும் உண்டு.

ஈவி டன்மோரின் ‘பிரிங்கிங் டவுன் தி டியூக்’ (2019) எடுத்துப் பாருங்கள். 1879, ஆக்ஸ்ஃபோர்டில் பெண்கள் படிக்க வந்த முதல் காலம். அன்னபெல் பாதிரியார் மகள், கையில் காசில்லை. பெண்கள் வாக்குரிமை இயக்கம் தரும் உதவித்தொகையில் படிக்கிறாள், பதிலுக்கு அவர்களுக்காகப் பெரிய மனிதர்களை வளைக்க வேண்டும். அவளுக்கு வாய்த்தவர் ஒரு டியூக், உயர்குடிப் பிரபு. அவருக்கு அவள்மேல் ஆசை, ஆனால் மணந்தால் அரசியல் செல்வாக்கு போய்விடும். ஆசைநாயகியாக வரச் சொல்கிறார். மாட்டேன் என்கிறாள். இதில் யாரும் யாரையும் தவறாகப் புரிந்துகொள்ளவில்லை. நன்றாகவே புரிந்துகொண்டார்கள், அதனால்தான் பிரிகிறார்கள்.

அந்த இயக்கத்துப் பெண்கள் எதிர்க்கும் சட்டமும் கற்பனை இல்லை. திருமணமான பெண் தன் சொத்தைத் தன் பெயரிலேயே வைத்துக்கொள்ளும் உரிமை இங்கிலாந்தில் 1882 சட்டத்தால்தான் வந்தது. அதற்கு முந்தைய கதையில் பணக்காரப் பெண் ஒருத்தி கல்யாணத்துக்குத் தயங்கினால் நான் அவள் கட்சிதான்.

சும்மாபடிக்கிறவன்:

சகோ, நீங்கள் சொல்லும் அந்த 80 சதவீதத்துக்காகத்தான் நான் படிக்கிறேன். கடைசியில் சேர்ந்துவிடுவார்கள் என்று முதல் பக்கத்திலேயே தெரியும். அமெரிக்க ரொமான்ஸ் எழுத்தாளர் சங்கம் இந்த வகைக்குச் சொன்ன இலக்கணமே இரண்டு விஷயம்தான்: நடுவில் காதல் கதை, கடைசியில் மனசு நிறையும் நம்பிக்கையான முடிவு. முடிவு கையில் இருக்கும்போது கொஞ்சம் அழுதால் என்ன? வேலை முடிந்து வந்து 50,000 சொல்லில் முடியும் மில்ஸ் அண்ட் பூன் காதல் நாவல் ஒன்றை ஒரே மூச்சில் படிப்பவன் நான். அதில் பிரிவு வரவில்லை என்றால் ஏமாற்றமாக இருக்கும்.

ஆனால் ஒன்று ஒப்புக்கொள்கிறேன். வள்ளுவர் புலவியை, அதாவது காதலர் ஊடலை, உப்புக்கு ஒப்பிட்டார், கொஞ்சம் கூடினாலும் கெட்டது. நாற்பது பக்க அழுகை உப்பு மூட்டை.

எரிச்சலுக்கு வேறொரு காரணமும் இருக்கிறது என்று நினைக்கிறேன். இப்போது வருகிற நாவல்களில் பாதி, அவள் ஒரு அத்தியாயம் அவன் ஒரு அத்தியாயம் என்று மாறி மாறிப் போகின்றன. அவன் உருகுவது நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. அப்புறம் அவள் சந்தேகப்பட்டால் நமக்கு அவள் முட்டாளாகத் தெரிகிறாள். அவள் பார்வை மட்டும் இருந்தால் நாமும் சேர்ந்து சந்தேகப்படுவோம். ‘லவ் ஹைபோதசிஸ்’ ஆலிவ் பார்வையில்தான் போகிறது, அதனால் எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. மாணவி அவள். எதிரே பேர்பெற்ற பேராசிரியர்கள். அவர்களைப் பற்றிப் புகார் சொன்னால் யார் நம்புவார்கள் என்ற பயம் பொய்யில்லை.

பின்குறிப்பாக ஒரு வம்பு: உங்கள் ‘ஃபிளாட்ஷேர்’ லியோனும் கடைசிப் பகுதியில் ஒன்றைத் தவறாகப் புரிந்துகொண்டு ஒதுங்குகிறானே? அதற்கு மட்டும் மன்னிப்பா?

பாதிப்பக்கம்:

மாட்டிக்கொண்டேன். ஆமாம், ஒதுங்குகிறான். படித்தபோது எனக்கு உறுத்தவே இல்லை, நீங்கள் சொன்ன பிறகு மறுபடி எடுத்துப் பார்த்தேன். அவன் முதல் அத்தியாயத்திலிருந்தே அப்படித்தான் இருக்கிறான். எது வந்தாலும் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விடும் ஆள், ‘நான்’ என்று சொல்லவே கஞ்சத்தனம். அவன் போன் செய்து விசாரித்திருந்தால்தான் எனக்கு ஆச்சரியமாக இருந்திருக்கும். ஆனால் என் சட்டத்தை நானே வளைக்கிறேனோ என்றும் சந்தேகமாக இருக்கிறது.

ஆலிவ் பற்றிச் சொன்னதில் பாதிக்குமேல் ஒத்துக்கொள்கிறேன். அந்தப் பேராசிரியர் பயம் சரி. வேறு யாரையோ பிடித்திருக்கிறது என்ற பொய் சரியில்லை. அதில் மாற்றமில்லை.

டியூக்கை வாங்கிவிட்டேன், கோட்டைமதில்.

டிராகன்முட்டை:

எங்கள் பக்கத்தை ஒரே வரியில் தள்ளியதற்குச் சின்னக் கண்டனம். ஃபேன்டசி காதலில் 80 சதவீதம் என்பது முதல் புத்தகத்தின் 80 இல்லை. தொடர் மொத்தத்துக்கும் ஒரு பிரிவு, அதைப் பல புத்தகங்களுக்கு நீட்ட வேண்டும். ‘ஃபோர்த் விங்’ நாயகி வயலட்டின் அம்மா ராணுவத் தளபதி. நாயகன் ஸேடனின் அப்பா கலகத் தலைவர், அதற்காகக் கொல்லப்பட்டவர். இந்த இருவர் ஒருவரையொருவர் நம்பத் தயங்குவதற்கு ஒட்டுக்கேட்கத் தேவையில்லை, பிறந்ததே போதும். நீங்கள் கேட்ட ‘இந்த இருவருக்கு மட்டும்’ இது.

இரண்டாவது புத்தகமான ‘அயர்ன் ஃபிளேம்’ விஷயத்தில் என்னிடம் வாதம் இல்லை. ‘நீ கேட்டால் சொல்கிறேன்’ என்று அவனும், ‘எதைக் கேட்பது என்று எனக்கு எப்படித் தெரியும்’ என்று அவளும் 600 பக்கத்துக்கு மேல். நான்கூட டிராகன் வரும் இடங்களைத் தேடித் தேடிப் படித்தேன்.

ரெண்டாம்வாசிப்பு:

கென்னடி ரயனின் ‘பிஃபோர் ஐ லெட் கோ’ (2022). உங்களுக்காகவே எழுதியது மாதிரி. யாஸ்மென், ஜோசையா இருவருக்கும் கதை தொடங்கும் முன்பே விவாகரத்து ஆகிவிட்டது. உணவகத்தைச் சேர்ந்து நடத்துகிறார்கள், இரண்டு பிள்ளைகளைச் சேர்ந்து வளர்க்கிறார்கள். பிரிவு முதல் பக்கத்துக்கு முன்பே நடந்துவிட்டதால் அதைத் திணிக்க வேண்டிய கட்டாயம் ஆசிரியருக்கு இல்லை. ஏன் பிரிந்தார்கள் என்பதுதான் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கிறது. பிறக்கும் முன்பே ஒரு குழந்தை போய்விட்டது. அவள் மனச்சோர்வில் எழுந்திருக்க முடியாமல் கிடந்தாள், அவன் துக்கத்தை வேலைக்குள் புதைத்தான். யார்மேல் தப்பு என்று சொல்ல முடியாது. கனமான புத்தகம், மனசு தளர்ந்திருக்கும் நாளில் வேண்டாம்.

அதே எச்சரிக்கை ஹெலன் ஹோவாங்கின் ‘தி ஹார்ட் பிரின்சிபிள்’ (2021) நாவலுக்கும். அட்டையைப் பார்த்து ஜாலியான கதை என்று எடுத்தேன். பாதிக்கு மேல் நோயில் கிடக்கும் அப்பாவைக் குடும்பமே வீட்டில் பார்த்துக்கொள்வதுதான் கதை. பராமரிப்பு செய்து களைத்தவர்களுக்கு அது சுருக்கென்று தைக்கும். காதல் ஓரமாக நிற்கிறது என்று சிலருக்குக் குறை. எனக்கு அந்தக் காதலன் ஓரமாக நின்றதே பிடித்திருந்தது.

பாதிப்பக்கம்:

டியூக்கை முடித்தேன், அன்னபெல் மறுக்கும் இடத்தை இரண்டு தடவை படித்தேன். இப்போது யாஸ்மென். ஜோசையா வேண்டாவெறுப்பாக மனநல ஆலோசகர் முன்னால் உட்கார்ந்திருக்கிறான். எத்தனையாவது சதவீதம் என்று தெரியாது. கிண்டிலின் கீழ் ஓரத்தில் ஒரு மஞ்சள் ஒட்டுத்தாளை ஒட்டி வைத்திருக்கிறேன்.