தமிழில் அறிவியல் புனைகதை வேறு என்ன படிக்கலாம்?

ஈசூன்வாசி: சிங்கப்பூரில் வேலை முடிந்து ராஃபிள்ஸ் பிளேஸில் ரயில் ஏறினால் ஈசூன் வரும்வரை விண்கலம், காலப்பயணம் என்று ஆங்கிலத்தில் படித்துத் தள்ளுகிறேன், ஆனால் தமிழில் படித்தது சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ மட்டும்தான், அதுவும் அப்பாவின் பழைய பிரதி. அடுத்து என்ன? லிட்டில் இந்தியாவில் தேக்கா பக்கம் புத்தகக் கடை உண்டா? வீட்டில் புத்தகம் வைக்க இடமில்லை, மனைவி ஏற்கெனவே முறைக்கிறார்.

அரைத்தூக்கம்: ‘மீண்டும் ஜீனோ’ படிங்க, அதுதான் தொடர்ச்சி. இடமில்லைன்னா எதுக்குக் கடை? விக்டோரியா ஸ்ட்ரீட் நூலகத்தில் தமிழ்ப் பகுதி இருக்கு, 21 நாள் வைத்துக்கொள்ளலாம்.

பழையபேப்பர்: அந்த ஜீனோ ரோபோ நாய். 80களில் தொடராக வந்த கதை. 2020 மே மாதம், கொரோனா சமயத்தில், நம் பீஷான் - அங் மோ கியோ பூங்காவில் நிஜமாகவே ஒரு ரோபோ நாய், ஸ்பாட் என்று பெயர், இடைவெளி விட்டு நடங்கள் என்று பதிவு செய்த குரலில் சொல்லிக்கொண்டு சுற்றியதே, பார்த்தீர்களா? ஜீனோ அளவுக்குப் பேச்சு இல்லை, அதுதான் குறை.

ஈசூன்வாசி: பார்த்தேனே! என் மகள் அதற்கு பிஸ்கட் நீட்டினாள். சரி, சனிக்கிழமை நூலகம்.