வெட்டினா கதை நிக்குமா?

நிலா: அத்தை, சித்தப்பா, ஒரு உதவி. உலகப் படங்கள்ல வர்ற குயர் கதாபாத்திரங்களப் பத்தி, அதாவது தன்பாலீர்ப்பாளர், திருநர் மாதிரி ஆளுங்களப் பத்தி, ஃபிலிம் கிளப்ல பேசணும். எந்தப் படத்துல எத்தனை செகண்ட் வருதுன்னு ஒரு பட்டியல் போடலாம்னு இருக்கேன். சரியா வருமா?

பிரபு சித்தப்பா: செகண்ட மட்டும் எண்ணினா தப்பான முடிவுக்குத்தான் போவ கண்ணு. அந்த இடத்த எடுத்துட்டா கதை நிக்குதா விழுதான்னு பாரு.

செல்வி அத்தை: அதுக்கு ஒரு சோதனையே இருக்கு நிலா. ஊடகத்துல குயர் மக்களக் காட்டுற விதத்தக் கவனிக்குற அமெரிக்க அமைப்பு கிளாட், 2013ல வீட்டோ ருஸ்ஸோங்கிற சினிமா வரலாற்றாசிரியர் பேர்ல கொண்டுவந்தது. மூணு கேள்வி. குயர்னு தெளிவாத் தெரியுற ஆள் படத்துல இருக்காங்களா? அந்த அடையாளத்தத் தாண்டி அவங்களுக்குக் குணம், வேலை, ஆசைன்னு ஏதாவது இருக்கா? அவங்களத் தூக்கிட்டா கதைக்கு அடி விழுமா? மூணாவது கேள்விதான் உயிர்.

நிலா: உதாரணம் சொல்லுங்களேன்.

பிரபு சித்தப்பா: ரெண்டு படத்தப் பக்கத்துல பக்கத்துல வை. 2019 ஸ்டார் வார்ஸ் படத்தோட கடைசில, கொண்டாட்டக் கூட்டத்துல ரெண்டு பெண்கள் முத்தம் குடுத்துக்குறாங்க. சிங்கப்பூர்ல அத எடுத்துட்டுத்தான் ஓட்டினாங்க, இல்லன்னா வயசு வரம்பு கூடியிருக்கும். கதைக்கு ஒண்ணும் ஆகல.

பிரபு சித்தப்பா: இப்ப 2022ல வந்த மூணாவது ஃபென்டாஸ்டிக் பீஸ்ட்ஸ், ஹாரி பாட்டர் உலகத்துக் கதை. சீனாவுல போனது 6 செகண்ட் வசனம். நொடிக்கு 24 ஃபிரேம்னா 144 ஃபிரேம், அவ்வளவுதான். ஆனா மந்திரவாதி டம்பிள்டோர், எதிரியா நிக்குற கிரிண்டெல்வால்டுங்கிற ஆம்பளையக் காதலிச்சேன்னு சொல்றது அதுக்குள்ளதான் இருக்கு. அது போனதும் ரெண்டு பேரும் பழைய சிநேகிதங்கன்னு ஆயிடுறாங்க. படத்தோட மொத்த வலியும் போச்சு.

நிலா: அய்யோ. முதல் மாதிரிக் காட்சிய வெட்டுறதுக்குன்னே எடுப்பாங்களா?

பிரபு சித்தப்பா: மனசுல என்ன நினைச்சாங்கன்னு நாம சொல்ல முடியாது. எடிட்டிங்ல என்ன தெரியும்னு சொல்றேன். அந்த ஷாட்ல முக்கிய ஆள் யாரும் இல்ல, வசனம் இல்ல, முன்ஷாட்லயும் பின்ஷாட்லயும் அதப் பத்தின பேச்சு இல்லன்னா, எடுக்குறது சுலபம். முன்ஷாட்ல ஆரம்பிச்ச வசனம் இதுக்கு மேல ஓடினாலோ, பாட்டு நடுவுல தாளம் உதைச்சாலோதான் கஷ்டம். அதனாலதான் வசனம், இசை, சத்தம் மூணையும் தனித்தனி ட்ராக்கா வாங்கி ஒட்டுப் போடுவாங்க. தியேட்டர் கோப்புல படம் ரீல் ரீலாத்தான் இருக்கும், அந்த ஒரு ரீலுக்கு மட்டும் மாத்து அனுப்பினாப் போதும்.

செல்வி அத்தை: அங்கதான் சப்டைட்டில் சொதப்பும். 12 செகண்ட எடுத்துட்டு சப்டைட்டில் நேரத்த முன்னால இழுக்கலன்னா, அந்த ரீல் முடியுற வரைக்கும் ஒவ்வொரு வரியும் 12 செகண்ட் லேட்டா வரும்.

கவின் அண்ணா: 12ன்னதும் ஞாபகம் வருது. 2022 டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்ல சவூதி எடுக்கச் சொன்னது ஏறக்குறைய அவ்வளவுதான். அமெரிக்கா சாவேஸ்ங்கிற பொண்ணுக்கு ரெண்டு அம்மான்னு வர்ற இடம். டிஸ்னி மறுத்துடுச்சு, படம் அங்க வரல. அவளுக்கு வேற உலகத்துக்கு வாசல் திறக்குற சக்தி உண்டு, சின்ன வயசுல பயந்துபோய் திறந்த வாசல்லதான் ரெண்டு அம்மாவையும் இழக்குறா. அத வெட்டினா அவ சக்தியக் கண்டு ஏன் பயப்படுறாங்கிறதே புரியாது.

செல்வி அத்தை: வெட்டாமலும் மறைப்பாங்க நிலா, அது டப்பிங் வழி. 2020 ஆன்வர்ட் படத்துல ஒத்தக்கண் போலீஸ்காரம்மா தன்னோட காதலியின் மகளப் பத்தி ஒரே ஒரு வரி சொல்றாங்க. ரஷ்ய டப்பிங்ல ஆணா பெண்ணான்னு தெரியாத மாதிரி 'துணை'ன்னு மாத்திட்டாங்க. படம் ஒரு ஃபிரேம் கூடக் குறையாது, ரன்டைம் பாத்தா கண்டுபிடிக்க முடியாது.

கவின் அண்ணா: ஜப்பான் அனிமேஷன் தொடர் சைலர் மூனோட பழைய ஆங்கில டப்பிங்ல, காதலிகளான ஹருகாவையும் மிச்சிருவையும் சொந்தக்காரப் பிள்ளைங்கன்னு ஆக்கினாங்க. வசனத்தத்தானே மாத்த முடிஞ்சுது? படத்துல அவங்க ஒருத்தர ஒருத்தர் பாக்குற பார்வை அப்படியே இருந்துச்சு. பாத்த பிள்ளைங்களுக்கு இன்னும் குழப்பம். விஸ் நிறுவனம் 2014லேர்ந்து செஞ்ச புது டப்பிங்லதான் காதலர்கள்னே வந்தது.

நிலா: அப்போ என் கைல இருக்குற பிரதி வெட்டினதா இல்லையான்னு எப்படிப் பாக்குறது?

பிரபு சித்தப்பா: முதல்ல மூலப் படத்தோட நீளத்தோட ஒப்பிடு. பிரிட்டன் தணிக்கை வாரியத் தளத்துல நிமிஷம் செகண்டோட போட்டிருப்பாங்க. ஒரு எச்சரிக்கை. 24 ஃபிரேம் படத்த ஐரோப்பிய டிவிக்காக 25ல ஓட்டினா 4 சதவீதம் சுருங்கும். 100 நிமிஷப் படம் 96 நிமிஷம் ஆயிடும், ஒரு காட்சியும் போயிருக்காது. பல பேர் இதப் பாத்து வெட்டிட்டாங்கன்னு சண்டைக்குப் போவாங்க.

செல்வி அத்தை: அப்புறம் மூல மொழி சப்டைட்டிலையும் டப்பிங் வசனத்தையும் வரிக்கு வரி வச்சுப் பாரு. மனைவி, காதலி, அம்மா, அப்பா மாதிரி உறவுச் சொல் வர்ற இடத்த மட்டும் பாத்தாலே பாதி தெரிஞ்சிடும். பேசுறவங்க முகம் தெரியாத ஷாட்டா இருந்தா இன்னும் உஷாரா இரு, உதட்டசைவு தெரியாததால அங்கதான் மாத்துறது சுலபம்.

கவின் அண்ணா: ஆனா சோதனைல பாஸ் ஆனாலே நல்லதுன்னு எழுதிடாத நிலா. தி 100 தொடர்ல பெண்ணக் காதலிக்குற தலைவி லெக்ஸாவத் தூக்கினா கதையே இல்ல, மூணு கேள்வியும் பாஸ். 2016ல காதல் கைகூடின கையோட, வேற யாருக்கோ வச்ச குண்டு பட்டு செத்தா. 2002ல பஃபி தொடர்ல டாராவும் அப்படித்தான், காதலி வில்லோவோட மறுபடி சேர்ந்த உடனே. 14 வருஷ இடைவெளில ஒரே மாதிரி சாவு. ரசிகர்கள் கொதிச்சதுல நியாயம் இருக்கு. எப்படிச் சாகுறாங்க, எந்த நேரத்துலன்னு ஒரு பத்தி சேத்துக்கோ.

செல்வி அத்தை: அதோட வேர் ஹாலிவுட் விதிகள்ல இருக்கு. 1934லேர்ந்து கண்டிப்பா அமல்படுத்தினாங்க, தன்பாலீர்ப்பச் சூசகமாக் கூடக் காட்டக்கூடாது. அதனால வில்லன் மேல சாடைமாடையா ஒட்டினாங்க. 1941 மால்டீஸ் ஃபால்கன்ல ஜோயல் கெய்ரோங்கிற ஆளோட விசிட்டிங் கார்ட முகர்ந்து பாப்பாங்க, கார்டினியாப் பூ வாசம். அவ்வளவுதான் தகவல், மிச்சம் பாக்குறவங்க ஊகம். 1961ல கொஞ்சம் தளர்த்தி, 1968ல அந்த முறையே போய் வயசுச் சான்றிதழ் வந்தது.

கவின் அண்ணா: சீனத் தொடர் தி அன்டேம்ட், 2019, 50 எபிசோட், அதையும் இங்கயே வை. நாவல்ல ரெண்டு ஆம்பளைங்களோட காதல், தொடர்ல உயிர் நட்பு. ஒருத்தர் புல்லாங்குழலும் இன்னொருத்தர் குச்சின் யாழும் சேர்ந்து வாசிக்குற காட்சிலயே பாக்குறவங்களுக்கு எல்லாம் புரிஞ்சிடும். எழுதினவங்க கதையையே அந்த உறவு மேல கட்டினதால அத வெட்ட வழியில்ல.

நிலா: எந்தப் படத்துலேர்ந்து பேச்ச ஆரம்பிக்கலாம்?

பிரபு சித்தப்பா: பிக்ஸார் நிறுவனத்தோட 2022 அனிமேஷன் படம் லைட்இயர். விண்வெளி வீராங்கனை அலிஷா அவ மனைவிக்குக் குடுக்குற முத்தத்த முதல்ல எடுத்துட்டாங்க, பிக்ஸார் ஊழியர்கள் எழுதின கடிதத்துக்கு அப்புறம் திரும்ப வச்சாங்க. அமீரகத்துலயும் மலேசியாவுலயும் படம் திரைக்கு வரல. முத்தத்த மட்டும் எடுத்தாலும் கதை ஓடும். ஆனா அலிஷாவோட குடும்பத்த எடுக்க முடியாது, பேத்தி இஸ்ஸி வரணுமே. ஒரே படத்துல வெட்டக்கூடியதும் வெட்ட முடியாததும்.

செல்வி அத்தை: போட்டுக் காட்டுறதுக்கு முன்னாடி அந்தப் பிரதியோட நீளத்தப் பாத்துடு. டப்பிங் வேண்டாம், மூல ஒலியும் சப்டைட்டிலும் போதும். அலிஷா வயசாகிட்டே போற பகுதில படத்த நிறுத்தாம ஓட விடு, நிறுத்திப் பேசுறது அப்புறம்.