குழந்தையின் பல்லுக்கு லேசர் செய்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். என் மகளுக்கு ஒன்பது வயது. புதிதாக முளைத்த கடைவாய்ப் பல் இரண்டில் வெள்ளைத் திட்டு, ஒன்றில் சின்னதாகச் சொத்தையும் ஆரம்பித்துவிட்டது. டிரில் சத்தம் கேட்டாலே அழுகிறாள், அதனால் டாக்டர் எர்பியம் யாக் லேசர் செய்யலாம் என்கிறார். 2940 நானோமீட்டர் அலைநீளக் கதிரைப் பல்லில் உள்ள நீர் உறிஞ்சி சட்டென்று ஆவியாகும்போது சொத்தைப் பகுதி துகள் துகளாகத் தெறித்து வந்துவிடுமாம், அதிர்வு இல்லை. அமெரிக்காவில் 1997லேயே இதற்கு அனுமதி கிடைத்துவிட்டது என்பதால் முறையைப் பற்றிப் பயமில்லை. என் குழப்பம் அந்த வெள்ளைத் திட்டு பற்றித்தான். அங்கே குறைந்த சக்தியில் லேசர் காட்டி மேலே ஃபுளோரைடு பூசினால் எனாமல் (பல்லின் கடினமான மேல் உறை) அமிலத்தைத் தாங்கும் என்கிறார். வெறும் ஃபுளோரைடு வார்னிஷ் மட்டும் போதாதா? எனாமல் ஒருமுறை போனால் திரும்ப வளராது, அதனால்தான் இவ்வளவு யோசிக்கிறேன்.

குழந்தைக்குச் செய்தவர்கள் சொல்லுங்கள்: மரப்பு ஊசி தேவைப்பட்டதா, அப்புறம் கூச்சம் இருந்ததா, அடைத்தது நிலைத்ததா? பல் மருத்துவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து பதில் போடுங்கள், அடுத்த வாரம் முடிவு சொல்ல வேண்டும்.